சிறுத்தை படித்த துண்டு

"ஒருத்தர் வேலைக்கு இன்னொருத்தர் குறுக்க நிக்கக்கூடாது. சம்மதமா?"

"நிக்க மாட்டேன். குறுக்க உட்காரலாமா?"

"உட்காரவும் கூடாது."

"அப்ப ஓரமா படுத்துக்கறேன். அதுக்காவது அனுமதி உண்டா?"

கல்யாணத்துக்கு முந்தின மாதம், கல்லூரி ஆய்வகத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டது இது. நிபந்தனை போட்டவள் அவள். சிரித்துக்கொண்டே தலையாட்டியவன் அவன். ஆனால் அவளுக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. அவளுடைய அம்மா பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தவள். தலைமையாசிரியை பதவியோடு வேறு ஊருக்கு உத்தரவு வந்தபோது, அப்பா சாப்பிட்டுக்கொண்டே, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "போகாதே" என்றார். அவ்வளவுதான். அம்மா போகவில்லை. அதற்காக வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சமையலறையில் அம்மா பாடுவது மட்டும் நின்றுபோயிற்று. அந்த வார்த்தை தன் வாயிலிருந்து யாரை நோக்கியும் வரக்கூடாது என்று பாவாடை சட்டை வயதிலேயே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அதனால்தான் போன சனிக்கிழமை அவன், "என்ன சொல்ற?" என்று கேட்டபோது, அவள் வாயில் வேறு எதுவும் வராமல் "உன் இஷ்டம்" என்று வந்து தொலைத்தது.

அவன் கேட்டது சின்ன விஷயமில்லை. வெகுதூரத்தில் வேறொரு காடு. அங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு பெரிய ஆய்வு. அவனைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். வருகிற திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் இப்போதே அவர்கள் சேர்ந்திருந்தது என்னவோ பெயருக்குத்தான். இருவருக்கும் ஒரே வேலை, மிருகங்கள் விட்டுப்போகிற வாசனைகளை ஆராய்வது. காட்டின் நடுவே ஓர் ஆய்வுக் குடில். ஓர் அறை, ஒரு கட்டில், ஓர் அடுப்பு. அங்கே எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும், ஒருவர்தான் இருக்க வேண்டும் என்பது விதி. மனித வாடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மகளுக்கு இரண்டு வயதானதும் அந்த வேலையை இருவரும் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு வாரம் அவன் காட்டில், அவள் வீட்டில். மறு வாரம் அப்படியே தலைகீழ். சனிக்கிழமை காலையில் ஜீப் வந்து நிற்கும். ஒருவர் இறங்க, ஒருவர் ஏற, தண்ணீர் கேன்களும் மின்கலங்களும் இறக்கி வைக்கிற நேரம்தான் அவர்களுடைய குடும்ப நேரம்.

'வாலு' என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கிற மகள், நாட்காட்டியைக்கூட அப்பா வாரம், அம்மா வாரம் என்றுதான் படிப்பாள். "அப்பா வாரத்துல குழம்புல காரமே இருக்காது. அம்மா வாரத்துல கதை பாதியிலயே தூங்கிடும்" என்று, சனிக்கிழமை காலைகளில் தன்னைப் பார்த்துக்கொள்கிற எதிர்வீட்டு அக்காவிடம் குறை சொல்வாள். காட்டிலிருந்து அம்மாக்காரி வீடு திரும்பும்போது உப்பு ஜாடி கீழ்த்தட்டில் இருக்கும். எடுத்து மேல்தட்டில் வைப்பாள். அடுத்த முறை வந்தால் மறுபடி கீழ்த்தட்டில். நாலு வருடமாக நடக்கிற இந்த யுத்தத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தலையணையில் அவன் தலையின் வாசனை இருக்கும். நாற்காலி முதுகில் சட்டை தொங்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டான்.

சனிக்கிழமை "உன் இஷ்டம்" என்று அவள் சொன்னதும் அவன் ஒரு நொடி அவளையே பார்த்தான். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டான். எப்போதும் எதையும் மறக்காதவன், குடிலின் ஆணியில் தன் நீலத்துண்டை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

குடிலிலிருந்து ஓடையோரமாக நடந்தால் அந்த மரம் வரும். இலைகளைவிட வடுக்கள் அதிகமுள்ள, சற்றே சாய்ந்த கிழட்டு மரம். மூன்று தடங்கள் அதன் அடியில் வந்து கூடுகின்றன. அதற்கு 'வம்பு மரம்' என்று பெயர் வைத்தவர் ஜீப் ஓட்டுகிற ஹாரன் அண்ணன். காட்டுக்குள் ஹாரன் அடிக்கக்கூடாது என்பதால் வாயாலேயே அடிக்கிறவர். "ஊர்ல இருக்கற அத்தனை மிருகமும் இங்க வந்துதான் அடுத்தவன் சேதி கேக்குது. வம்பு மரம் இல்லாம வேற என்ன?" என்பார்.

அவர் சொன்னது சரிதான். சிறுத்தை வரும். மூக்கை மரத்தில் வைத்து மேலிருந்து கீழாக, வரிவரியாக முகரும். பிறகு திரும்பி நின்று வாலைத் தூக்கித் தன் பங்கைப் பீய்ச்சிவிட்டுப் போகும். அது காய்ந்தபின் அருகில் போனால் சூடான சோளப்பொரி வாசனை அடிக்கும். அவ்வளவு பயங்கரமான மிருகத்திடம் அவ்வளவு குழந்தைத்தனமான வாசனை இருப்பதில் அவளுக்கு இன்றுவரை ஆச்சரியம் தீரவில்லை. கழுதைப்புலியின் வழி வேறு. மரத்தடியில் உயரமாக நிற்கும் புல்லின் மேல் வெண்ணெய் மாதிரி ஒன்றைத் தடவிவிட்டுப் போகும். மட்டமான சோப்பை மழையில் ஊறவைத்தது போல நாறும். அதனால் அதற்கு 'சோப்பு' என்று பெயர். நரி கடைசியாக வந்து, யார் என்ன எழுதியிருந்தாலும் அதன் மேலேயே காலைத் தூக்கும். அதற்குப் பெயர் 'நானும்தான்'. சிறுத்தைக்கு மட்டும் மரியாதையாக 'மேடம்'.

நேரில் சந்தித்தால் ஒன்றின் வாயிலிருந்து ஒன்று இரையைப் பிடுங்கும். குட்டி கிடைத்தால் கொன்றுவிடும். ஆனால் அத்தனையும் ஒரே ஓடையில் தண்ணீர் குடிக்கின்றன, ஒரே தடத்தில் நடக்கின்றன. யார் போனது, போய் எவ்வளவு நேரமாயிற்று, வயிறு நிறைந்தவரா பசித்தவரா, எல்லாம் அந்த மரத்தில் இருக்கிறது. படித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. ரத்தம் சிந்தாமல் இத்தனை பகை ஒரு காட்டில் குடித்தனம் நடத்துவதற்கு ஒரு மூக்கு போதும் என்பதை நினைத்தால் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

மரத்தருகே போகச் சில கட்டுப்பாடுகள் உண்டு. நாளுக்கு ஒரு தடவை, காலையில் மட்டும். வாசனை சோப்பு கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. குடிலுக்கு வெளியே காற்றாடத் தொங்கும் காட்டு ஜாக்கெட்டைத் தவிர மேலே வேறு எதுவும் போட்டுக்கொள்ளக் கூடாது. வீட்டு வாசனை ஒரு பொட்டுகூட அந்த மரத்தருகே போகக் கூடாது. இந்த விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான்.

செவ்வாய்க்கிழமை காலை நல்ல குளிர். ஆணியில் தொங்கிய நீலத்துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றி, அதன் மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள். குளிருக்குத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். துண்டில் அடுப்புப் புகையும் அவன் பிடரி வியர்வையும் கலந்த ஒரு வாசனை இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து, அங்கே பொருத்தியிருந்த தானியங்கிக் கேமராவின் நினைவட்டையை மாற்றினாள். கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. துடைக்கிற துணி பையிலேயே இருந்தாலும், மனம் அந்த "உன் இஷ்டம்" என்பதையே உருட்டிக்கொண்டிருந்ததால், கை தானாகத் துண்டை உருவித் துடைத்தது. துடைத்துவிட்டு, வீட்டில் குளியலறைக் கதவில் மாட்டுவது போல ஒடிந்த கிளையில் மாட்டிவிட்டு, மரத்தில் படிந்திருந்ததைப் பஞ்சில் மாதிரிக்கு ஒற்றியெடுத்து, குழாயில் அடைத்து, நடந்து வந்துவிட்டாள்.

மதியம் கழுத்தைத் தடவிப் பார்த்தபோதுதான் உறைத்தது. தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். கொலைகாரர்கள் கூடிப் படிக்கிற இடத்தில் புருஷனுடைய துண்டைக் காயப்போட்டுவிட்டு வந்த ஆராய்ச்சியாளர் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். இனி நாளைக் காலைவரை போகவும் முடியாது.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் போனாள். ஓடை வளைவில் கால் தானாக நின்றுவிட்டது.

மேடம் இருந்தாள்.

நாலு வருடத்தில் திரையில் எத்தனையோ தடவை பார்த்த உடம்புதான். ஆனால் திரையில் இந்தக் கனம் இல்லை, இந்த மௌனம் இல்லை. காற்று சிறுத்தையின் பக்கமிருந்து இவள் முகத்தில் அடித்தது. எனவே இவளுடைய வாசனை அங்கே போகாது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு புதரோடு புதராக நின்றாள்.

சிறுத்தை துண்டின் நுனியில் மூக்கை வைத்தது. அவசரமே இல்லை. நுனியிலிருந்து மடிப்புக்கு, மடிப்பிலிருந்து மறுநுனிக்கு, ஒரு இழையைக்கூட விடாமல் முகர்ந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, உதட்டைச் சுருக்கி, வாயை லேசாகத் திறந்தபடி அப்படியே நின்றது. வாசனையை மேலண்ணத்துக்கு ஏற்றி ருசி பார்க்கிற நிலை அது. கண்கள் பாதி மூடியிருந்தன. ஒரு பெரிய வித்வாம்சினி சபையை மறந்து ஒரு ஸ்வரத்தில் நிற்பது போல இருந்தது.

அந்தத் துண்டில் அது என்னத்தைப் படிக்கிறது என்று அவள் யோசித்தாள். அதற்குப் பழைய வாசனைகள்தான் இரண்டும். ஒரு வாரம் ஓர் ஆணின் கால்தடம், மறு வாரம் ஒரு பெண்ணின் கால்தடம். நாலு வருடமாக அது இருவரையும் மாறி மாறிப் படித்துவருகிறது. இரண்டு வாசனையும் புத்தம்புதிதாக, ஒன்றோடொன்று கலந்து, ஒரே இடத்தில் இருப்பதை இன்றுதான் அது முதல் தடவையாகப் பார்க்கிறது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பயத்தில் இல்லை.

சிறுத்தை துண்டில் கன்னத்தைத் தேய்த்தது, ஒரு பக்கம், மறு பக்கம். திரும்பி நின்று வாலைத் தூக்கி, துண்டுக்கும் மரத்துக்கும் சேர்த்து ஒரு பீய்ச்சு பீய்ச்சியது. நடந்துபோய் இரண்டு புதர் தாண்டி மறுபடி. ஓடைக்கல்லில் மறுபடி. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தது. கரகரவென்று, யாரோ மரத்தை ரம்பத்தால் அறுப்பது போல. காடு முழுவதும் அந்த ஒலி போய் மோதித் திரும்பியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பத்து நாளாக மேடத்தின் மாதிரிகள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வந்துகொண்டிருந்தன. எல்லையில் யாரோ புதிதாக வாலாட்டுகிறார்கள், அதனால்தான் இப்படி எழுதித் தள்ளுகிறது என்று அவனும் அவளும் நினைத்திருந்தார்கள். அது இல்லை. இது துணையைத் தேடுகிற பருவம். இத்தனை நாள் அந்த மரத்தில் 'என் பக்கம் வராதே' என்று எழுதி வந்தவள், அதே மரத்தில், அதே வாசனையால், இப்போது 'வா' என்று எழுதிக்கொண்டிருந்தாள். 'சோப்பு' படிக்கும், 'நானும்தான்' படிக்கும். பகையாளிகள் அத்தனை பேரும் அவள் தனியாக இருப்பதைத் தெரிந்துகொள்வார்கள். அதைப் பற்றி மேடத்துக்கு ஒரு கூச்சமும் இல்லை. தேவையை ஊரறியச் சொல்லிவிட்டு, தலையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனாள்.

புதரிலிருந்து வெளியே வந்தவளுக்குத் துண்டை எடுக்கக் கை வரவில்லை. இனி அது அவளுடைய துண்டும் இல்லை, அவனுடையதும் இல்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் நினைவட்டையைக் கொண்டுவந்து, அடுப்பில் தேநீர் பொங்குவதுகூடத் தெரியாமல் திரையின் முன் உட்கார்ந்தாள். 'சோப்பு' வந்து, தாழ்ந்த முதுகோடு துண்டின் கீழே வெகுநேரம் நின்று, முகர்ந்து, தன் வெண்ணெயைப் புல்லில் தடவிவிட்டு, சிறுத்தை போன திசையை விட்டு வேறு தடத்தில் போயிற்று. 'நானும்தான்' வந்து துண்டின் நுனியைப் பார்த்துக் காலைத் தூக்கியது, எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கியது. எட்டாமல் தடுமாறி விழப்போய்ச் சமாளித்து, ஒன்றும் நடக்காதது போலப் போய்விட்டது. அவள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், இதைச் சொல்ல ஆளில்லையே என்றிருந்தது.

வியாழன் சாயங்காலத்துப் படத்தில் புதிதாக ஓர் ஆண் சிறுத்தை. அகன்ற தலை, கிழிந்த ஒரு காது. எந்தப் பதிவிலும் இல்லாத முகம். எத்தனை எல்லைகளைத் தாண்டி, எத்தனை 'வராதே'க்களைப் படித்துக்கொண்டு வந்ததோ. துண்டை ஒரு தடவை, மரத்தை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, ஓடைக்கல்லை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை விடிகாலைப் படத்தில் இரண்டும் சேர்ந்து வந்தன. தோளோடு தோள் உரசிக்கொண்டு, பாதி வெளிச்சத்தில், மரத்தைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பார்க்க இனி என்ன இருக்கிறது? நாலு வருடத்தில் ஒரே படத்துக்குள் இரண்டு சிறுத்தைகள் இருந்ததே இல்லை. அவள் அந்தப் படத்தை நிறுத்திவைத்து, தேநீர் ஆறி ஏடு கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாளும் தன் தொண்டையில் நின்றது அப்பாவின் வார்த்தை என்று அவளுக்கு அப்போது தோன்றியது. அந்த ஒன்றைத் தவிர வேறு வார்த்தையே இல்லை என்று நம்பித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மேடம் யாரையும் தடுக்கவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் எழுதினாள்.

சனிக்கிழமை காலை துண்டைக் கிளையிலிருந்து இறக்கி, காற்றுப் புகாத உறையில் போட்டு ஒட்டினாள். ஜீப் வந்தது. ஹாரன் அண்ணன் வழக்கம்போல வாயால் "பாம் பாம்" என்றார். அவன் இறங்கினான். முகம் வாடியிருந்தது.

"வாலு எப்படி இருக்கா?"

"பல் ஒண்ணு ஆடுது. அம்மா வாரத்துலதான் விழணுமாம், அதுவரைக்கும் அந்தப் பக்கம் மெல்ல மாட்டாளாம்." அவன் தண்ணீர் கேனை இறக்கினான். "உப்பு ஜாடி கீழ இருக்கு. சொல்லிட்டேன்."

"தெரியும்."

அறைக்குள் போனவன் வெறும் ஆணியைப் பார்த்தான். "என் துண்டைப் பாத்தியா?"

"பாத்தேன். மேடமும் பாத்தாங்க."

"என்ன?"

அவள் உறையை நீட்டினாள். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒட்டியிருந்த மூலையைக் கொஞ்சமாகப் பிரித்து முகர்ந்தான். சட்டென்று முகம் மாறிவிட்டது. "சோளப்பொரி." குரலே தாழ்ந்துவிட்டது. "ஏய், இது அவளோடதுதான். கன்னம் தேச்ச முடிகூட இருக்கு."

"நான் நேர்ல பாத்தேன். புதரு பக்கத்துல நின்னு."

"நேர்லயா?" அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாதி மூடிய கண்ணை, ரம்பக் குரலை, நரி தடுமாறியதை, கிழிந்த காது ஆண் வந்ததை. வெள்ளிக்கிழமைப் படத்தைத் திறந்து காட்டினாள். அவன் திரையைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று இருவருக்குமே நினைவில்லை.

"அப்ப எல்லைச் சண்டை இல்லையா இது? நாம தப்பாப் படிச்சிருக்கோம்."

"ஆமா. ரெண்டு பேருமே."

பிறகு அவனுக்குள் இருந்த ஆய்வாளன் விழித்துக்கொண்டான். "எல்லாம் சரி. துண்டு மரத்துக்கு எப்படிப் போச்சு?"

"கழுத்துல போச்சு."

"யார் கழுத்துல?"

"இந்தக் காட்டுல துண்டு கட்டற கழுத்து எத்தனை இருக்கு?"

"விதி எழுதி ஒட்டினவளே நீதான்." அவன் சுவரைக் காட்டினான். "இது வெளிய தெரிஞ்சா ஒரு மாசத்து மாதிரிகள் பூராவும் செல்லாது."

"செல்லாதுன்னு நானே எழுதி அனுப்பிட்டேன்."

"எதுக்குக் கட்டிக்கிட்டுப் போன?"

"குளிரா இருந்தது."

"ஜாக்கெட் இருந்ததே."

"இருந்தது."

அவன் அவளைப் பார்த்தான். வெளியே ஹாரன் அண்ணன், "தம்பி, சாமானெல்லாம் இறக்கியாச்சு. தங்கச்சியை ஏறச் சொல்லு, வெயில் ஏறுது" என்று குரல் கொடுத்தார். பிறகு "பாம்" என்று ஒரு தடவை, மெதுவாக.

அவள் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். கதவுவரை போனவள் அங்கேயே நின்றாள்.

"திங்கக்கிழமை என்ன சொல்லப் போற?"

"நீதானே என் இஷ்டம்னு சொல்லிட்ட." அவன் குரலில் கோபம் இல்லை. அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. "எதுக்கும் உனக்கு நான் தேவைன்னு தோணல. அதான் போயிடலாம்னு."

பை தோளிலிருந்து நழுவியது. அவள் அதைப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து அவன் எதிரில், மிக அருகில் நின்றாள். அவன் சட்டையில் வீட்டு வாசனை அடித்தது: மகளின் பவுடர், துவைத்த போர்வை, கீழ்த்தட்டு உப்பு.

"உன் துண்டோட வாசனைக்காகத்தான் கட்டிக்கிட்டேன்" என்றாள். குரல் கரகரத்தது. அதைச் சரிசெய்ய அவள் முயலவில்லை. "போகாதேன்னு சொல்ல மாட்டேன். அந்தக் காடோ, இந்தக் காடோ, எது வேணா எடுத்துக்கோ. ஆனா இந்த மாத்தி மாத்தி இருக்கறது எனக்குப் போதும். எனக்கு உன்கூட இருக்கணும். நீ, நான், வாலு, மூணு பேரும் ஒரே வீட்டுல, ஒரே வாரத்துல. எங்கேன்னாலும் சரி, என்னோட வந்து இரு."